பச்சை வட்டம்

...அப்படியானால் அம்மா மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில், இவள் மெட்ராஸில், ஆறு மணிக்கு, மாடிக்குக் கீழே இருக்கிற எஸ்டிடி பூத்துக்கு மெட்ராஸ் கம்பெனியிலிருந்து போன் வரும், வேலைக்கு வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்து தொலையமாட்டேன் என்கிறது, என்று நினைத்தபடியே இன்பம் கம்ப்யூட்டர் சென்டர் போர்டில் வட்டம் போட்டாள்... புரோகிராமில் வட்டம் என்கிற கிளாஸ் ஓர் அச்சு, அதில் எடுத்த ஆப்ஜெக்ட் ஒவ்வொன்றுக்கும் தன் இடம் தெரியும், தன் நிறம் தெரியும், வரை என்றால் தன்னை வரைந்துகொள்ளும், நகர் என்றால்... நகர்வதில்தான் சூட்சுமம், ஸ்கிரீன் கறுப்பு, அதனால் நின்ற இடத்தில் கறுப்பில் வரைந்து தன்னை அழித்துக்கொண்டு பிறகு புது இடத்தில் வரைய வேண்டும். எத்தனை பேட்சுக்குச் சொன்ன பாடம், இன்றைக்கு ஏன் அழிக்கிற இடத்தில் சாக்பீஸ் நின்றுவிடுகிறது? ஜன்னலுக்கு வெளியே மில் சங்கு ஊதி ஓய்ந்தது, மலையிலிருந்து இறங்கிய மேகத்தில் ராஜபாளையமே அரைத்தூக்கத்தில் கிடந்தது. ஏட்டி, நீ போ, எனக்கென்ன, நான் இருந்துக்கிடுவேன், என்று காலையில் அம்மா சொன்னாள். இருந்துக்கிடுவாளாம்! தினமும் இருட்டில் இவள் வீடு திரும்புகிற பஸ்ஸுக்கு டார்ச்சோடு ஸ்டாப்பில் நிற்கிறவள், லைட் எரிகிற தெருவில் எதுக்கும்மா டார்ச் என்றால் சிரிக்கிறவள், இனி அந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு எங்கே போவாள்?

சந்தனம் கூப்பிட்டாள். பேண்டேஜ் கம்பெனியில் வேலை முடிந்து தலையில் ஒட்டிய பஞ்சோடு நேரே வகுப்புக்கு வருகிறவள். அவள் கம்ப்யூட்டரில் பச்சை வட்டமும் மஞ்சள் வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றிருந்தன, இப்போது மஞ்சள் சொன்னபடி நகர்ந்துவிட்டது, ஆனால் அது நின்ற இடத்தில் அடித்த கறுப்பு பச்சையிலும் ஒரு கடி கடித்துவிட்டுப் போயிருந்தது.

"மிஸ், மஞ்சதான போச்சு, பச்சை எதுக்கு மூளியா நிக்கி?"

இன்பம் ஸ்கிரீன் பக்கம் குனிந்தாள். பிறகு, பச்சைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் இடமும் நிறமும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, படம்தான் போயிற்று, மறுபடி வரை என்று சொன்னால் முழுசாகிவிடும் என்றாள். சந்தனம் ஒரு வரி சேர்த்து ஓட்டினாள். பச்சை முழுசாக நின்றது, பார்க்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

"அதுவா வரைஞ்சுக்கிடாதா மிஸ்?"

"வரைஞ்சுக்கிடாது. யாராவது சொல்லணும்."

கீழே போன் அடித்தது. இன்பம் கையில் சாக்பீஸோடு படியிறங்கினாள்... போன தடவை போனில் சம்பளம் கேட்டாள், லேடீஸ் ஹாஸ்டல் கேட்டாள், பஸ் எப்போது என்றுகூடக் கேட்டு வைத்திருக்கிறாள், எல்லாம் கேட்டவளுக்கு, நீயும் வாரியாம்மா என்று அம்மாவை ஒரு வார்த்தை கேட்க ஏன் தோன்றவே இல்லை?