எழுத இடமில்லை

மேலாளருக்கு அலுவலகம் வைத்த பட்டப்பெயர் சிக்கனம். ஆஸ்பத்திரி மென்பொருளில் டாக்டர், நர்ஸ், டிரைவர், நோயாளி அத்தனை பேரையும் ஒரே டேபிளில், அதாவது ஒரே அட்டவணையில், திணித்த மகானுபாவர் அவர்தான். ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் 'வகை' என்று ஒரு கட்டம். டிரைவருக்கு லைசென்ஸ் எண், நோயாளிக்கு ஒவ்வாத மருந்து, அவரவருக்கு வேண்டாத கட்டமெல்லாம் காலி. பார்க்கும்போதே அவருக்குக் கீழே வேலை செய்யும் புரோகிராமர் பெண்ணுக்கு அருவருப்பாக இருக்கும்.

"நோயாளிக்குத் தனி டேபிள் வேணும் சார். ஒரே ஆளு ரெண்டு வகையாவும் இருக்கலாமே?" என்று அவள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள்.

"எல்லாரும் மனுஷங்கதானேம்மா. எதுக்கு வீணா பிரிக்கணும்?" என்றார் சிக்கனம்.

அவள் தங்கை அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வாரம் வயிற்றுவலி என்று அங்கேயே படுத்தாள். வரவேற்பில் போன் நம்பரைத் தட்டியதும் அவளுடைய பழைய வரி வந்து நின்றது. வகை: நர்ஸ். நர்ஸுக்கு ஒவ்வாமைக் கட்டம் திரையில் வராது. "பெனிசிலின் ஆகாது" என்று தங்கை வாய்விட்டுச் சொல்லியும் எழுத இடமில்லை. அதையே ஊசியாகப் போட்டார்கள். உயிர் தப்பியதே பெரும்பாடு.

ஒவ்வாமையை அவள் சொல்லவே இல்லை என்று தங்கை மேல் இன்று விசாரணை. கதவுக்கு வெளியே சிக்கனம் அவள் காதில் ஓதினார்.

"வகையை நோயாளின்னு மாத்திடும்மா. ஒவ்வாமைக் கட்டம் காலியா தெரியும். அவங்களே சொல்லலைன்னு ஆயிடும்."

"அவ வேலை போயிடுமே சார்!"

"உன் தங்கச்சிதானே? நீ பேசினா புரிஞ்சுக்குவாங்க."

சீ, இதுவும் ஒரு பிழைப்பா! அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்; சிக்கனமும் பின்னாலேயே வந்தார்.

தலைமை டாக்டரம்மா முன்னால் தங்கையின் வேலைநீக்க உத்தரவு கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. "நர்ஸாச்சே, சொல்லத் தெரியாதா?" என்றார்.

"சொன்னா டாக்டர். எழுத இடமில்ல."

"அதெப்படி இடமில்லாம போகும்?"

அவள் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் டாக்டரம்மாவின் போன் நம்பரையே தட்டினாள். வகை: டாக்டர். "உங்களை நோயாளியா சேர்க்கிறேன்னு வெச்சுக்குங்க. உங்களுக்கு எந்த மருந்து ஆகாது?"

"சல்ஃபா."

"எங்க எழுதட்டும்?"

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மேலும் கீழும் தேடினார். படிப்பு, பதிவு எண், அறை எண்.

சிக்கனம் இளித்தார். "அவசரத்துக்கு முகவரிக் கட்டத்துல எழுதிக்கலாம் டாக்டர்."

டாக்டரம்மா உத்தரவை இரண்டாகக் கிழித்தார்.

"திங்கக்கிழமை எனக்கு இங்கதான்யா ஆபரேஷன்."