எண் ஏறினால் விலகுகிறது

புதுக் கைக்கடிகாரம் கட்டிய நாளிலிருந்து என் மாமனாரைப் பிடிக்க முடியவில்லை. மணி கேட்டால்கூட மூன்று பொத்தான்களையும் விளக்கிவிட்டுத்தான் சொல்வார். எங்கள் கட்டட வேலைக்கு அவர்தான் மேஸ்திரி. அவர் மகன், என் வீட்டுக்காரர், உயரக் கிரேன் ஓட்டுகிறவர். நான் கீழே நின்று வாக்கி-டாக்கியில் சொல்லச் சொல்ல, இவர் மேலே தூக்குவார்.

அன்று பிற்பகல் வானம் கறுத்தது. முதல் மின்னலைப் பார்த்ததுமே இவர் ஏணியில் மளமளவென்று இறங்கி வந்துவிட்டார். மாமாவுக்கு முகம் சுருங்கியது. கம்பிக்கட்டு பாதி இன்னும் தரையிலேயே கிடந்தது.

"இருடா. எவ்வளவு தூரம்னு பாத்துட்டு அப்புறம் பயப்படு."

மின்னல் வெட்டியதும் ஒரு பொத்தானை அழுத்தினார். இடி கேட்டதும் மறுபடி அழுத்தினார். முள் நின்றது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே போன நேரத்தை வைத்து அது தூரம் காட்டுமாம். மூக்குக்கண்ணாடி போடாமல், கையை எட்ட வைத்துக்கொண்டு, விளிம்பிலிருந்த பெரிய எண்ணைப் படித்தார். இருநூற்று நாற்பது. அடுத்த மின்னலுக்கு முந்நூறு.

"பாத்தியா, எண் ஏறுது. விலகிப் போகுது. நீ மேல ஏறு."

"காத்து நம்ம பக்கம்தானே அடிக்குது, மாமா?" என்றேன்.

"கடிகாரம் பொய் சொல்லுமா? நீ சும்மா இரும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவராவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை! கையுறையை மாட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்துவிட்டார்.

பாதி உயரம் போயிருப்பார். "நானூறு!" என்று மாமா சந்தோஷமாகக் கத்தினார். எனக்கோ இடி முன்னைவிடச் சீக்கிரமாக வந்ததுபோல் இருந்தது.

அடுத்த மின்னல் கண்ணைப் பறித்தது. மாமா அழுத்தினார், உடனே மறுபடி அழுத்தினார். பிறகு கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இங்க எண்ணே போடலியேம்மா?"

முள் நின்ற இடத்தில் விளிம்பு வெறுமையாக இருந்தது. சற்றுத் தள்ளி, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறித்திருந்தது. அது வண்டியின் வேகம் பார்க்கிற வட்டம். நேரம் குறையக் குறைய அதில் எண் ஏறும். இடியின் தூரம் பார்க்க உள்ளே இன்னொரு வட்டம், எறும்பு எறும்பாய் எழுத்து. அதில் முள் ஒன்றில் நின்றது. ஒரே ஒரு கிலோமீட்டர்.

"மாமா, அது விலகல. அப்போலேருந்து கிட்டதான் வந்துட்டிருக்கு."

வாக்கி-டாக்கியில் அலறினேன். "ஏங்க, இறங்குங்க! உடனே இறங்குங்க!"

"அப்பா விலகுதுன்னாரே?" என்றார். குரலில் சிரிப்புகூட இருந்தது.

மாமா வாக்கி-டாக்கியை என் கையிலிருந்து பிடுங்கினார். "இறங்குடா! டேய், இறங்குடா!"

அப்பாவின் குரல் கேட்டதும் இவர் அப்படியே நின்றார். இரண்டு கைகளாலும் இரும்பைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்கிறார் என்று சரியாகக் கேட்பதற்காகக் கீழே குனிந்தார்.

அடுத்த மின்னலில் அளப்பதற்கு எதுவும் இல்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன.