கத்த நேரமில்லாமல்

மரம் அறுக்கும் மில் ஓடிய காலத்தில் இது ஏரி இல்லை. கட்டைகளை மிதக்கவிடும் குளம். மில்லை மூடிப் பல வருடம் கழித்து மீன்குஞ்சு விட்டார்கள். நாணல் வளர்ந்தது, பறவைகள் வந்தன. இப்போது தூண்டிலோடும் பைனாகுலரோடும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நான் படகு ஓட்டுகிறேன். அன்றைக்குக் கட்டைகளைச் சங்கிலி போட்டுக் கரைக்கு இழுக்கும் மெஷினில் இருந்தவன் நான்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டைகள்மேல் நடந்து, நீளக் கழியால் அவற்றைத் தள்ளிவிடும் வேலை. மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "மாப்ளே, விழுந்துட்டேன்டா!" என்று அலறுவார். நான் பதறியடித்து ஓடினால் கட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரிப்பார். அந்த வாரம் மட்டும் மூன்று தடவை ஏமாந்தேன்.

நாலாவது தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

நிஜமாகவே தண்ணீரில் விழுந்தவர்மேல் கட்டைகள் மூடிக்கொண்டன. மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அக்கா அதையே சொன்னாள்: "கத்தக்கூட நேரமில்லாம போயிட்டாரு. கஷ்டப்படல."

ஏரியை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு ஞாயிறுதோறும் வந்தாள். படகுத்துறை ஓரமாக என் பக்கத்திலேயே மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டில் வீசுவாள். எனக்கும் சேர்த்து ஃபிளாஸ்கில் டீ கொண்டுவருவாள்.

போன மாதம் ஏரி ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். மில்லின் கதையை எழுதிப் பலகை வைக்கப்போகிறார்களாம். அக்கா மாமாவைப் பற்றிச் சொன்னாள்.

"ஒரு சத்தம்கூட வரல. என் தம்பி கூடவே இருந்தான், கேளுங்க."

அந்தப் பெண் பேனாவோடு என்னைப் பார்த்தாள். "அப்புறம் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

அக்காவின் முகம் மாறியது. "ஏன்டா?"

"கத்தினாருக்கா. எனக்குக் கேட்டுச்சு. விளையாடுறாருன்னு நெனச்சுட்டேன்."

அவள் தூண்டில் நரம்பை மெதுவாகச் சுற்றினாள். "எத்தனை தடவ?"

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருடம் பொய் சொன்ன வாய்க்கு அந்த ஒன்று வரவில்லை.

"ரெண்டு. ரெண்டாவது தடவ... மாப்ளேன்னு மட்டும்."

அவள் எழுந்தாள். நாற்காலியை மடக்கினாள். தூக்கிவரக் கை நீட்டினேன்.

"விடு."

இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்தாள். படகில் ஐந்து நிமிடத் தூரம். ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தண்ணீர் கலங்காமல் ஒதுங்கியே துடுப்புப் போடுகிறேன். அவள் தலையைத் தூக்குவதில்லை.