துப்பாக்கி இறங்காத காட்சி

அமெரிக்காவில் டல்சா என்கிற ஊரில், எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தே படம் எடுக்கிறோம் என்றால் நம்ப மாட்டார்கள். நடிகர்கள் வீடியோ கேமுக்குள் இருக்கிற சிப்பாய்கள். ஒருவனை என் புருஷன் கிளைட் ஆட்டுவிப்பான். இன்னொரு சிப்பாய் என் கையில். அவன் பார்ப்பதுதான் படமாகப் பதிவாகும், ஆக கேமரா நான்தான். சிப்பாய்க்கு வாய் அசையாது, பேசும்போது தலையை ஆட்ட வேண்டும். இந்த லட்சணத்துக்கு டைரக்டர் கிளைடுக்குத் தொப்பி வேறு.

அந்த கேமில் துப்பாக்கி எப்போதும் எதிரே நிற்பவனைக் குறிபார்த்தே இருக்கும். ஆனால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் கீழே இறங்கிவிடும். அது ஒரு பிழை. துப்பாக்கி இறங்கினால்தான் இரண்டு பேர் நின்று பேசுவதுபோலக் காட்ட முடியும். விளையாடுகிறவர்கள் அதைத் திட்டினார்கள், எங்களுக்கோ அதுதான் சோறு போட்டது. கம்பெனி அடுத்த அப்டேட்டில் அதைச் சரிசெய்யப் போகிறது என்று கேள்விப்பட்டதும் கிளைட் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் போட்டான். அப்டேட் செய்கிறவர் கையை ஒடிப்பதாக எனக்கு மிரட்டல் வேறு.

கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. அதில் நடிக்க அவன் அண்ணன் ராஸ் வர ஒத்துக்கொண்டார். அப்பாவின் மீன்பிடிப் படகை ராஸ் சொல்லாமல் விற்றதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டேன். இந்தத் தடவை சேராவிட்டால் இவர்கள் எந்தக் காலத்திலும் சேரப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

கிளைட் எழுதிய காட்சியைப் படித்தால் சிரிப்பு வந்தது. தோழனைப் பாலத்தில் விட்டுவிட்டு ஓடிய சிப்பாய் மன்னிப்புக் கேட்கிறான். கேட்கும் வேஷம் ராஸுக்காம். கெட்டிக்காரன்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ராஸ் பீட்சாவோடு வந்தார். இன்டர்நெட்டில் போட்டிருக்கிற எங்கள் பழைய படங்களைக் காட்டிப் பீற்றிக்கொள்ள கிளைட் வயரைச் செருகினான். திரையில் ஏதோ ஒரு கேள்வி வந்தது. டைரக்டர் சார் பேச்சு மும்முரத்தில், படித்துக்கூடப் பார்க்காமல், 'ஆம்' என்று அமுக்கினார். போயே போச்சு, கேம் அப்டேட் ஆகிவிட்டது. எந்தப் பொத்தானை எப்படி அழுத்தினாலும் துப்பாக்கி இறங்கவில்லை.

"யார் கையை ஒடிக்கணும்னு சொன்ன?" என்றேன். கிளைட் தொப்பியைக் கழற்றி வைத்தான்.

அப்படியே எடுத்துப் பார்த்தோம். ராஸின் சிப்பாய் மன்னிப்புக் கேட்கிறான். கிளைடின் சிப்பாய் அவன் நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு அதைக் காதில் வாங்குகிறான். ராஸ் பாதியில் நிறுத்தினார்.

"துப்பாக்கிய நீட்டித்தான் என்னைய மன்னிப்புக் கேக்க வைப்பியாடா?"

கிளைட் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன் சிப்பாயை மெல்ல நடத்திப்போய், ராஸின் சிப்பாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, அவனுக்கு எதிரே தெரிந்த மலைப்பக்கமாகத் திருப்பினான். இப்போது இரண்டு துப்பாக்கியும் மலையைத்தான் குறிபார்த்தன. நான் பதிவை நிறுத்தவில்லை.

கிளைடின் சிப்பாய் தலையை ஆட்டினான். "என்ன ஏதுன்னு கேக்காமலே உன்னைத் திருடன்னு சொல்லிட்டேன். தப்புதான்."

அது எழுதிய வசனமே இல்லை.

பிறகு ராஸின் சிப்பாயும் தலையை ஆட்டினான்.

"படகு அடியெல்லாம் உளுத்துப்போச்சுடா. நீ அதுல ஏறிருவன்னு பயந்துதான் வித்தேன்."

இன்னொரு தடவை எடுக்கலாமா என்று வழக்கம்போலக் கேட்டு வைத்தேன்.

"வேணாம்" என்றார்கள் இருவரும்.