வாங்க வராத கண்ணாடிகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இரண்டு கண்ணின் மேலும் சத்தியம் செய்திருக்கலாம். இடது கண்ணில் புரை விழுந்திருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டதால், நியாயமாக வலது கண்ணின் மேல் மட்டும் செய்து ஆரம்பிக்கிறேன்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் சந்து ஒன்றில் தனசிங் ஆப்டிகல்ஸ் இருக்கிறது. ஓனர், சேல்ஸ்மேன், கூட்டுகிறவர் எல்லாம் தனசிங்தான். அறுபத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. மெயின் ரோட்டில் பன்னிரண்டு ஏசி போட்ட கண்ணாடிக் கடை ஒன்று வந்த பிறகு, சந்துக்குள் நுழைந்தவர்கள் வழி கேட்க மட்டுமே நுழைந்தார்கள். ஆள் வராத நாட்களில் அவர் சுவரில் தொங்கும் கண் சோதனை எழுத்து அட்டையை மேலிருந்து கீழே சத்தமாகப் படிப்பார். பேச்சு மறந்துவிடக் கூடாது அல்லவா? அப்படிப் படித்துப் படித்து அட்டை மனப்பாடமாகிவிட்டது. ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்தவருக்குத் தன் கண்ணைச் சோதிக்க வழியில்லாமல் போனது.

பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜென்சிக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை.

"அங்கிள், இப்பல்லாம் ஓனரே எழுதணும். பிளாக் ஆரம்பிங்க. எழுத எழுத கற்பனை வளரும், கற்பனை வளர்ந்தா வியாபாரம் வளரும்."

"பவர் பார்க்குறவனுக்குக் கற்பனை எதுக்கும்மா? நான் கற்பனை பண்ணினா அவன் சுவத்துல போய் முட்டிக்குவான்."

"எப்படியும் சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க?"

அன்று சாயங்காலமே பிளாக் பிறந்தது. முதல் பதிவு, 'கண்ணாடியைத் துடைக்கும் முறை'. இரண்டாவது, 'கண்ணாடியைத் துடைக்கக் கூடாத முறை'. இரண்டையும் ஜென்சி மட்டும் படித்தாள். அதிலும் இரண்டாவதைப் பாதியோடு விட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டாள்.

மூன்றாவதற்கு விஷயம் தேடி மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார் தனசிங். ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கண்ணாடிகள் அங்கே இருந்தன. நாற்பத்தொன்று. ஒவ்வொன்றின் கவரிலும் பெயர், தேதி, பவர். எல்லாவற்றுக்கும் அடியில் பிரவுன் ஃபிரேம் ஒன்று. 'சரோஜினி டீச்சர், தாம்பரம், ஜூலை 1997.'

அதை மட்டும் அவர் வெளியே எடுக்கவில்லை. காரணம் இருந்தது.

அந்த ஜூலையில் டீச்சரைப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார். கண்ணாடி செவ்வாயே தயார். புதன்கிழமை டீச்சர் வந்து, "பிரதர், ரெடியா?" என்று கேட்டார். சர்ச் பழக்கத்தில் வந்த 'பிரதர்'தான் அது. தனசிங்குக்குத்தான் அது வேண்டாத உறவாகத் தோன்றியது. கொடுத்துவிட்டால் இந்த முகம் இனி இந்தச் சந்துக்குள் வராதே என்ற யோசனை ஓடியது. "லென்ஸ் வரலை, நாளைக்கு வாங்க டீச்சர்" என்றார். லென்ஸ் மாட்டிய கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. வியாழக்கிழமை ஸ்க்ரூ இல்லை என்றார். வெள்ளிக்கிழமை வேறு காரணம் கிடைக்காமல், "கரண்ட் இல்லை" என்றார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் ஃபேனைப் பார்த்தார், தனசிங்கைப் பார்த்தார். "சரி பிரதர்" என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை வரவில்லை. அதன் பிறகு எந்தக் கிழமையும் வரவில்லை.

தாம்பரத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று தனசிங்கைக் கேட்டால் சொல்வார். எல்லா கேட்டுக்கும் எதிரே, பள்ளி விடும் நேரத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

ஆகவே டீச்சரை அடியிலேயே விட்டுவிட்டு, மேலே கிடந்த கவரை எடுத்தார். மீன் விற்கும் அங்காளம்மா. பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஆர்டர். கண்ணாடி போடாமல் இத்தனை காலம் அவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்து எழுதினார். பார்வை மங்கலில் பாறை மீனை வஞ்சிரம் என்று நினைத்து, வஞ்சிர விலைக்கே விற்றிருப்பார் என்று ஒரு வரி. மூன்றாம் நாள் கூடையோடு அங்காளம்மா கடை வாசலில் நின்றார்.

"இன்னாபா, எம் பேரப் போட்டு எழிதிகினு கீறியாமே. எம் பேத்தி அஞ்சலி போன்ல பட்ச்சி காட்டுச்சி."

"தப்பா எதுவும் எழுதலையே."

"பாறைய வஞ்சிரம்னு வித்தேன்னு போட்டுகீற. கண்ணு தெரியாம வித்தேன்னும் போட்டியே, அதால வுட்டேன். குடு அத்த."

கண்ணாடியை மாட்டிக் கூடைக்குள் பார்த்தார். "இம்மாத்தூண்டு மீனுக்கா இத்தினி வருசமா அந்த வெல சொல்லிகினு இருந்தேன்?" பிறகு நிமிர்ந்து தனசிங்கைப் பார்த்தார். "நீ இன்னாபா, இவ்ளோ கெய்வனாயிட்ட."

பதினோரு வருஷத்தில் அவரை உற்றுப் பார்த்துச் சொன்ன ஒரே ஆள் என்பதால் தனசிங் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்து ஷேர் ஆட்டோ கோபு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு டிரிப் போனவர், அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"சார், அந்த மலை எப்ப வந்துச்சு?"

"எந்த மலை?"

"திருநீர்மலைல சார். கோயிலோட இருக்குதே."

"அது பெருமாள் வந்த நாள்லேர்ந்து இருக்குப்பா. நீ அந்த ரூட்லதானே ஓட்டுறே?"

"பதினாலு வருஷமா சார். கோவிந்தான்னு சத்தம் கேட்டா நிறுத்திடுவேன். நிமிர்ந்து பார்த்ததில்ல."

இப்படி ஒவ்வொருவராக வந்தார்கள். எழுத எழுத தனசிங்குக்குக் கை மட்டுமல்ல, மூளையும் சூடு பிடித்தது. பழைய எழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தானே எழுதிய ஒரு கதையை மாட்டினார். முதல் வரி உள்ளங்கை அளவு எழுத்து. வர வர எழுத்து சிறுத்து, கதையின் முடிவு கடைசி வரியில் எள்ளளவில் இருக்கும். முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போக யாருக்கு மனசு வரும்? கண்ணாடி வாங்கித்தான் படித்தார்கள். பார்வை சரியாக இருந்தவர்கள் முடிவு நன்றாக இல்லை என்று சண்டை போட்டார்கள். வரிசை ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டு வரை நின்றது. பன்னிரண்டு ஏசிக் கடையின் மேனேஜர், ஒரு ஏசியைக் கழற்றிக் கொண்டுவந்து பரிசாகக் கொடுத்துவிட்டு, எழுதுவது எப்படி என்று கேட்டுப் போனார்.

ஆனாலும் கூட்டம் கலைந்து ஷட்டரை இறக்கும்போது தனசிங் இழுப்பறையை ஒருமுறை திறந்து பார்ப்பார். ஊரப்பாக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் சந்து முனையில் கேட்கும். அதில் ஒரு குரலை மட்டும் காது தேடும். எழுதினால் வருகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. எழுதியும் டீச்சர் வரவில்லையென்றால் அப்புறம் எதை வைத்துக்கொண்டு காத்திருப்பது? அந்தப் பயத்தில் நாற்பது பேரையும் எழுதி முடித்தார். நாற்பது பேரும் வந்து வாங்கிப் போனார்கள். பிரவுன் ஃபிரேம் மட்டும் தனியாகக் கிடந்தது.

"அங்கிள், இன்னும் ஒண்ணுதானே? எழுதிடுங்க" என்றாள் ஜென்சி.

"அவங்களுக்குக் கற்பனை வரமாட்டேங்குதும்மா."

"அப்ப நடந்ததை எழுதுங்க."

ஒரு வாரம் உட்கார்ந்தார். கடைசியில் பதிவு ஒரே வரிதான். 'டீச்சர், கண்ணாடி செவ்வாய்க்கிழமையே ரெடி.'

மறுநாள் காலை பதினோரு மணிக்கு டீச்சர் வந்தார். தலை முழுக்க வெள்ளை. கையில் மடக்குக் குடை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"பிரதர், ரெடியா?"

கண்ணாடி தனசிங்கின் சட்டைப் பையில் இருந்தது. இருபத்தேழு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த பேச்சு நாக்கின் நுனியில் இருந்தது. மன்னிப்பு முதலில், மற்றது பிறகு. வாயைத் திறந்தார்.

"நாளைக்கு வாங்க டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. தனசிங்கை வெகுநேரம் பார்த்தார். உதட்டோரத்தில் என்னவோ வந்து போனது.

"சரி" என்றார். 'பிரதர்' இல்லை.

அடுத்த நாள் தனசிங் ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கினார். சலவைச் சட்டை. வாடிக்கையாளர் நாற்காலியை இரண்டு தரம் துடைத்தார். வாசல் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்து, தூசி தட்டி, உள்ளே இருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார்.

மேலே அங்காளம்மாவின் கவர், அடியில் பிரவுன் ஃபிரேம். நாற்பத்தொன்று இருந்தது.