ஓரத்தில் நிற்கும் மணப்பெண்

எங்கள் க்ருஷேவிட்சா ஊரில் கல்யாணப் படத்துக்கு ஓரத்தில் நிற்க யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அறுபது பேரைப் படிக்கட்டில் நிறுத்தினால் அறுபது பேரும் நடுவுக்குத்தான் நெருக்குவார்கள். ஓரத்தில் நிற்பவரை வெட்டிவிடலாம் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். கல்யாணம் முறிந்தாலும் படத்தைக் கிழித்துப் போடுவது எங்கள் வழக்கம் இல்லை. அதில் செத்துப்போன அப்பா இருப்பார், சாட்சித் தோழர் இருப்பார். கல்யாணத்துக்குச் சாட்சி நின்று, பிறகு பிள்ளைகளுக்குப் பெயரும் வைக்கிறவர் அவர். அவர் முகத்தைக் கிழிப்பதைவிடப் பெரிய பாவம் இந்த ஊரில் கிடையாது. ஆகவே வேண்டாதவரை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, மிச்சத்துக்குத் திரும்பச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். படம் எடுக்கிற நான் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். இரண்டு ஓரத்திலும் வாத்தியக்காரர்களை நிறுத்திவிடுவேன். அக்கார்டியன்காரனை வெட்டினால் யாருக்கும் வருத்தம் இல்லை, அவனுக்கும் இல்லை.

என்னை வெட்டியிருக்கிறார்கள். என் பழைய மாமியார் டெசாங்கா வீட்டுக் கூடத்தில் அவளுடைய மூத்த மகன் ராடிஷாவின் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது, பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். ராடிஷா இருக்கிறான், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அவன் சட்டைக் கையைப் பிடித்தபடி நான்கு விரல்களும் இருக்கின்றன. அந்த விரல்கள் என்னுடையவை. மூன்று வருடம் அந்த வீட்டில் மாடு கறந்து, பன்றிக்குத் தீனி வைத்து, முதுகு ஒடிய உழைத்தேன். குழந்தை இல்லை என்று டெசாங்கா என்னைப் பெட்டியோடு வாசலில் நிறுத்தினாள். ராடிஷா அப்போது வியன்னாவில் கட்டட வேலையில் இருந்தான், ஒரு கடிதம்கூடப் போடவில்லை, இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறான். இது நடந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதன் பிறகுதான் போட்டோ பிடிக்கக் கற்றுக்கொண்டு தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்தேன். பாஸ்போர்ட் படம், ஞானஸ்நானப் படம், கல்யாணப் படம், கல்லறைக் கல்லில் பதிக்கிற பீங்கான் படம் எல்லாமே நான்தான். சுற்றி நான்கு ஊருக்கு வேறு ஆள் இல்லை. அதனால்தான் டெசாங்காவும் என் கடைப் படி ஏற வேண்டியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை என் சின்னவன் மிலுட்டினுக்குக் கல்யாணம். தெரியுமில்ல?"

"ஊருக்கே தெரியும்."

"உன்னைக் கூப்பிடறதுல எனக்கு ஒண்ணும் சந்தோஷம் இல்ல, ஸ்டோயா. வேற ஆள் இருந்தா உன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்."

"எனக்கு மட்டும் ஆசையா? சொல்லுங்க, என்ன வேணும்."

'சொல்லுங்க' என்றுதான் வந்தது. இத்தனை வருடம் ஆகியும் இவளை 'நீ' என்று கூப்பிட என் நாக்கு வளையவில்லை. அதற்காக எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

"பெரிய படத்துல பொண்ணு இடது ஓரத்துல நிக்கணும். அந்தப் பக்கம் வாத்தியக்காரன் எவனும் வேணாம். அவளுக்கும் மிலுட்டினுக்கும் நடுவுல ஒரு கை இடம் விடு. அவனை அவ தொடக் கூடாது."

"ஏன், போன தடவை விரல் மிச்சமாயிடுச்சுன்னா?"

"ஆமா. பார்க்க அசிங்கமா இருக்கு."

கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இன்னொருத்தனோட பிள்ளைய வச்சிருக்கிறவ அவ," என்றாள் அவளே. "எத்தனை நாளைக்குத் தாங்கும்னு யாருக்குத் தெரியும்."

"அந்தப் பிள்ளைய வீட்டுக்கு எடுத்துப்பீங்களா, மாட்டீங்களா?"

"அது என் வீட்டு விஷயம். நீ வந்து படத்தை எடுத்துட்டுப் போ, போதும்."

ஊரே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான் நான் கேட்டேன். மணப்பெண் யாகோடாவுக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள். பெயர் லென்கா, நான்கு வயது. அப்பன் விட்டுவிட்டு ஓடியவன். கல்யாணத்தன்று அந்தப் பிள்ளை கண்ணில் படக் கூடாது என்று டெசாங்கா சொல்லியிருந்தாள், அதனால் மலைப்பக்கம் இருக்கிற யாகோடாவின் அம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகாவது அவளைச் சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான் ரொட்டிக் கடையிலிருந்து மாவு மில் வரை பேச்சு. அண்ணனைப் போலவே வியன்னாவில் வேலை பார்க்கிற மிலுட்டின் நல்லவன், ஆனால் அம்மா இருமினால் எழுந்து நிற்கிற பையன். அவனை நம்பி ஒரு பூனைக்குட்டியைக்கூட அந்த வீட்டுக்குள் விட முடியாது.

நான் ஒரு கணக்குப் போட்டேன். பெண்ணை நடுவில் நிறுத்திவிட்டால் வெட்ட முடியாது. வெட்ட முடியாத மருமகளின் பிள்ளையை எத்தனை நாள் வெளியே நிறுத்துவாள்? அந்தப் பிள்ளைக்காகவாவது யாகோடாவை ஓரத்தில் விடக் கூடாது என்று முடிவு செய்தேன். மூன்று நாளும் அதே நினைப்புதான். சத்தியமாகப் பிள்ளைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் கையெழுத்து முடிந்து எல்லாரும் வெளிப்படிக்கு வந்தார்கள். சட்டையில் ரோஸ்மேரி இலைக் கொத்து, கையில் பிளம் சாராயக் குப்பி, வழக்கமான தள்ளுமுள்ளு. நான் முக்காலியை நிறுத்துவதற்குள் யாகோடா தானாகவே இடது ஓரத்துக்குப் போய்விட்டாள். யாரும் அவளைத் தள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மிலுட்டினுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். பயந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

"வெளிச்சம் சரியில்ல," என்றேன். "பொண்ணு நடுவுக்கு வாம்மா."

"இருக்கட்டும் அக்கா," என்றாள் யாகோடா. "இங்கயே எடுத்துடுங்க."

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் டெசாங்கா.

மேல் படியில் நடுவுக்குத் தள்ளப்பட்டிருந்த டிரம்பட்காரன் குரல் கொடுத்தான். "என்னை நடுவுல விட்டுட்டுப் பொண்ணை ஓரத்துல நிறுத்தினா, நாளைக்குப் பார்க்கிறவன் நான்தான் மிலுட்டினோட பொண்டாட்டின்னு நினைப்பான்."

"உன் மீசைக்கு மிலுட்டின் ஒத்துக்கணுமே," என்றார் யாரோ. எல்லாரும் சிரித்தார்கள். யாகோடா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. நான் பார்த்தேன். பார்த்தும் விடவில்லை.

"மாப்பிள்ளையும் பொண்ணும் நடுவுல நிக்காத கல்யாணப் படத்தை நான் எடுக்கறதில்ல," என்றேன்.

டெசாங்கா நிதானமாகத்தான் பதில் சொன்னாள். "ஒரு பிள்ளை பெத்துக்கத் துப்பில்லாதவளுக்குக் கல்யாணத்தைப் பத்தி என்ன தெரியும். படத்தை எடு."

அறுபது பேர் முன்னால். அதற்குமேல் நான் என் வசத்தில் இல்லை.

"எல்லாரும் கேட்டுக்கோங்க," என்றேன். "கையெழுத்துப் போட்ட மை காயல, அதுக்குள்ள இந்தம்மா கத்தரிக்கோலைத் தீட்டி வச்சிட்டாங்க. மருமகளை வெட்டறதுக்குத் தோதா நிறுத்தணுமாம். விரல்கூட மிச்சமாகக் கூடாதாம். வியாழக்கிழமை என் கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனாங்க. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்."

சாட்சித் தோழர் ஸ்வெட்டோசார் அறுபத்தைந்து வயது ஆள், டெசாங்காவின் கல்யாணத்துக்கு அவருடைய அப்பாதான் சாட்சி நின்றவர். அவர் மெதுவாகத் திரும்பினார்.

"நிஜமா, டெசாங்கா?"

அவள் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துபோனாள். ஸ்வெட்டோசார் படியிறங்கி, யாகோடாவின் முழங்கையைப் பிடித்து நடுவுக்குக் கூட்டிவந்து மிலுட்டினுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சாட்சித் தோழர் நிறுத்திய இடத்திலிருந்து யாரும் யாரையும் நகர்த்த முடியாது. வரிசை நெருங்கியதில் டெசாங்காவே ஓரத்துக்குத் தள்ளப்பட்டாள். நான் மூன்று தடவை எடுத்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

படத்தைக் கழுவிப் பார்த்தபோது மூன்றிலும் யாகோடா கேமராவைப் பார்க்கவில்லை. டெசாங்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் யாகோடா கடைக்கு வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு லென்கா. தலைவாரி, நீல ரிப்பன் கட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"வாடி கண்ணு," என்று பிள்ளையை ஸ்டூலில் உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்தேன்.

"இவளை ஒரு படம் எடு," என்றாள் யாகோடா. அக்கா என்று சொல்லவில்லை. "பெருசா வேணாம். பர்ஸ்ல வைக்கற மாதிரி."

"பக்கத்துலயே இருக்கப்போற பிள்ளைக்குப் பர்ஸ்ல எதுக்கும்மா படம்?"

"பக்கத்துல இருக்கப்போறதில்ல. எங்க அம்மாகிட்டதான் இருப்பா. மாசத்துக்கு ஒரு தடவை நான் போய்ப் பார்த்துக்கணும்."

என்னை உள் அறைக்கு வரச் சொல்லி, பிள்ளைக்குக் கேட்காதபடி பேசினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே மாமியார் என்கிட்ட வந்தா. படத்துல ஓரமா நில்லு, வாயைத் திறக்காம நில்லு, ஒரு மாசம் போகட்டும், பிள்ளைய அனுப்பச் சொல்றேன்னா. நான் சரின்னேன். படம்தானே, எங்க நின்னா எனக்கென்ன. காகிதத்துல ஓரமா நின்னா என் பிள்ளை என்கூடப் படுத்துத் தூங்கும்னா, நான் ஓரத்துல என்ன, தெருவுலகூட நிப்பேன்."

"எனக்குத் தெரியாதும்மா."

"கேட்டியா? இங்கயே எடுங்கன்னு சொன்னேன். தலையை ஆட்டினேன். உன் காதுலயும் விழல, கண்ணுலயும் படல. உனக்கு உன் பழைய கதைதான் தெரிஞ்சுது. சாட்சித் தோழர் முன்னாடி அவளைத் தலைகுனிய வச்சிட்டு நீ உன் பெட்டியை எடுத்துட்டுப் போயிட்ட. நான் அவகூட அந்த வீட்டுக்குப் போனேன். போன அன்னிக்கே சொல்லிட்டா, இந்தப் பிள்ளை இனி வாசப்படி மிதிக்காதுன்னு."

"நான் உனக்காகத்தான்..."

"எனக்காக இல்ல. என் கல்யாணத்துக்கு வந்து உன் சண்டையைப் போட்டுட்டுப் போன. இப்ப வந்து படத்தை எடு."

விளக்கைப் போட்டு, ஸ்டூலை நகர்த்தி, பிள்ளையின் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினேன்.

"சிரிக்கணுமா?" என்று கேட்டாள் லென்கா.

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படி இரு," என்றாள் யாகோடா.

லென்கா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே டெசாங்கா வீட்டுக்குப் போனேன். பதினான்கு வருடத்துக்குப் பிறகு அந்தக் கேட்டைத் திறந்தேன். முற்றத்தில் அடுப்பு மூட்டிக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"தப்பு என்னோடது," என்றேன். "உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல எல்லாரும் இருக்கும்போது நானே சொல்றேன். ஸ்வெட்டோசார் காலைப் பிடிக்கணும்னாலும் பிடிக்கறேன். பிள்ளைய விட்டுடுங்க. அது என்ன பண்ணுச்சு?"

அவள் ஒரு மிளகாயைப் புரட்டிப் போட்டாள். தோல் கருகுகிற வாசனை முற்றம் முழுக்க இருந்தது.

"நீ கெஞ்சறதைப் பார்க்க நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா வீணா கெஞ்சாத. அந்தப் பிள்ளைய எடுத்துக்கறதா நான் எப்பவுமே நினைக்கல."

"ஒரு மாசத்துல அனுப்பச் சொல்றேன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேன். இல்லேன்னா அவ கழுத்தை நீட்டியிருக்க மாட்டா. மிலுட்டினும் நாப்பது வயசு வரைக்கும் வியன்னாவுல கண்டவ பின்னாடி சுத்திட்டு இருந்திருப்பான். ஒரு மாசம் கழிச்சு என்ன சாக்குச் சொல்லலாம்னு யோசிச்சிட்டு இருந்தேன். அறுபது பேர் முன்னாடி நீயே கொண்டுவந்து கொடுத்த. உனக்கு நான் கோழி அடிச்சு விருந்து வைக்கணும்."

அந்த அடுப்பை எட்டி உதைத்துக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

"இதை நான் யாகோடாகிட்டச் சொல்லிடுவேன்."

"போய்ச் சொல்லு. உன்னை நம்புவாளா? நம்பினாத்தான் என்ன? மாசக் கடைசியில மிலுட்டின் வியன்னாவுக்குக் கிளம்பிடுவான். அப்புறம் இந்த வீட்டுல அவளும் நானும்தான். என்னை வெறுத்துக்கிட்டு ஒரே சட்டியில சாப்பிட அவளால முடியுமா? நீ மூணு வருஷம் இருந்தவ, உனக்குத் தெரியாதா?"

தெரியும். அது எனக்கு மிக நன்றாகத் தெரியும். வெளியே வந்து கேட்டைச் சாத்திவிட்டு, வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தேன். யாகோடாவிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது எல்லாம் வீடு வந்து சேர்வதற்குள் தயார். உன் மாமியார் உன்னை ஏமாற்றினாள், என் தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அதைச் சொன்னால் என் பாரம் இறங்கும்.

சனிக்கிழமை யாகோடா படம் வாங்க வந்தாள். தனியாக வந்தாள். உறையைக் கொடுத்தேன். பிரித்து, பிள்ளையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"எங்க வீட்டுக்குப் போனியாமே."

"போனேன்."

"மன்னிப்புக் கேட்டியாமே."

"கேட்டேன்."

"என்ன சொன்னா? கொஞ்சமாவது இளகினாளா?"

தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் தொண்டைவரை வந்தது. இவள் இங்கிருந்து நேராக அந்த வீட்டுக்குத்தான் போவாள். ராத்திரி அந்தக் கிழவிக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். நாளைக்கும், அடுத்த குளிர்காலத்திலும், அதற்கடுத்த குளிர்காலத்திலும்.

"என்னாலதான்னு சொன்னா," என்றேன். "உன்மேல அவளுக்கு ஒண்ணும் இல்லையாம். எல்லாக் கோபமும் என்மேலதானாம்."

யாகோடா படத்தைப் பர்ஸில் வைத்து மூடினாள். முகம் கொஞ்சம் தெளிந்தது, அது எனக்காகத் தெளியவில்லை.

"அப்போ நீ இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராத," என்றாள். "தெருவுல பார்த்தாலும் என்கூடப் பேசாத. உன்னைப் பார்த்தாத்தான் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வருது. உன்னை மறந்தாள்னா ஒருவேளை பிள்ளைய விடுவா."

"சரி," என்றேன். "வரல."