தலையாட்டும் பயிற்சி

1

சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஓர் இலவச மதியச் சாப்பாட்டில் பிறந்தது. எதிர்பாராமல் கருவுற்றவர்களுக்கும், பிறக்கப்போகும் குழந்தையைத் தத்துக் கொடுப்பதா என்று தவிப்பவர்களுக்கும் துணை நிற்பது எப்படி? பல ஊர் மருத்துவமனைகளிலிருந்து வந்தவர்களுக்கு அதில் பயிற்சி. ‘சின்னச் செய்தி, ஒரு குழுப் படம்’ என்று பத்திரிகை ஆசிரியர் என்னை அனுப்பினார். படத்தில் எல்லோரும் சிரித்தார்கள். செய்தியும் வந்துவிட்டது. மிச்சம் இங்கே.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை பெய்துகொண்டிருந்தது. அவள் தன் வயிற்றைத் தடவியபடி—’

வேண்டாம். மழை இல்லை, ஏ.சி.தான் ஒழுகியது, அடியில் வாளி. அவளும் வயிற்றைத் தடவவில்லை. கதையில் வரும் கர்ப்பிணிகளுக்குத்தான் அந்தப் பழக்கம்.

2

பயிற்சியாளர் அம்மா சுவரில் விதிகளை ஒட்டியிருந்தார்: அறிவுரை கூடாது. தீர்ப்பு கூடாது. முடிவு அவளுடையது. எல்லோரும் பள்ளிப் பிள்ளைகளைப் போல உரக்கப் படித்தார்கள். பிறகு, பரிவோடு தலையாட்டப் பழகினார்கள். (எதிரில் பேச ஆளே இல்லை. வெறுமனே ஆட்டினார்கள்.)

பிற்பகல் நடிப்புப் பயிற்சி. ஒருவர் கர்ப்பிணி, மற்றவர்கள் முறைவைத்து எதிர் நாற்காலியில் ஆலோசகர். கர்ப்பிணியாக நடிக்கப் பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி தானாக எழுந்தாள். கொடுத்த அட்டையில் ‘கல்லூரி மாணவி, காதலன் கைவிட்டான்’ என்று இருந்தது. அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்கு ஏற்கெனவே ரெண்டு பசங்க. போதும்னு இருந்தோம். இது வந்துருச்சு. நாத்தனாருக்குக் குழந்தை இல்ல. பெத்து அவகிட்ட குடுத்துடுன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை அவ வர்றா. நான் பதில் சொல்லணும்.”

அறையே மலர்ந்தது.

“அட, இதைவிட என்ன வேணும்? குழந்தை கண்ணு முன்னாடியே வளருமே!” என்றார் சமூகப் பணியாளர்.

“வெளியாளுக்கா தூக்கிக் குடுக்கப் போற? நாத்தனாருக்குத்தானே,” என்றார் தலைமை நர்ஸ்.

“அது என்னை அத்தைன்னு கூப்பிடும்,” என்றாள் அவள்.

“அத்தைன்னா சும்மாவா? அம்மாவுக்குச் சமம்!” என்றார் டாக்டர், தலையாட்ட மறக்காமல்.*

பயிற்சியாளர் கைதட்டினார். “பிரமாதமான நடிப்பு! கண்ணுல தண்ணியே வந்துருச்சு பாருங்க.”

* விதிகள் அப்போதும் சுவரில்தான் இருந்தன. நல்ல பசை.

3

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. தேநீர் இடைவேளையில் கைகழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன்.

“நடிப்புதானே?”

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இல்லக்கா. வீட்டுல வாயைத் திறந்தாலே ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இங்கயாவது கேக்கத் தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“நீங்க என்ன...”

“குடுக்கணுமா வேணாமான்னு எனக்கே தெரியல. யோசிக்க விட்டாத்தானே? நீங்க கதை எழுதுவீங்களாமே. அதுல அவ என்னக்கா சொல்லுவா?”

4

எழுதிப் பார்த்தேன்.

கொடுத்துவிடுகிறாள். நாத்தனார் அழுகிறாள், வாசகர் அழுகிறார். அடுத்தவர் செய்யும் தியாகத்துக்கு என்றுமே நல்ல வரவேற்பு.

‘முடியாது’ என்று எழுந்து நிற்கிறாள். விமர்சகர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அதற்கப்புறம் அந்தச் சமையலறையில் அவளோடு நிற்க ஒருவரும் வரமாட்டார்கள்.

மூன்றாவதில், படியில் கால் வழுக்கி, கரு தானாகவே—

சீ. மாட்டிக்கொண்ட எழுத்தாளர்கள் தப்பிக்கச் செய்யும் கொலை அது.

எதை எழுதினாலும் அவள் பதிலை நான் சொல்லிக் கொடுத்ததாகிவிடுகிறது. டாக்டர் ஒரு வரியில் செய்ததை நான் நாலு பக்கத்தில் செய்வேன். என்னுடையதில் உவமைகள் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

5

பயிற்சி முடிந்து நாற்காலிகளை மடித்து அடுக்கிவிட்டார்கள். இரண்டை மட்டும் நான் இங்கே விட்டுவைத்திருக்கிறேன். ஒன்றில் அவள் இருக்கிறாள். ஞாயிறு இன்னும் வரவில்லை.

உட்காருங்கள். தலையை ஆட்ட வேண்டாம். உங்கள் நாக்கு நுனிக்கு ஏதோ வந்துவிட்டது, தெரிகிறது. நல்ல யோசனையாகத்தான் இருக்கும். விழுங்கிவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

“எனக்கு என்னன்னா...” என்று தொடங்குகிறாள் அவள்.